பசை காய்ச்சிய கைகள்

தமிழ் நாடக வரலாற்று நூல்களில் நாடகம் எழுதியவரின் பெயர் கிடைக்கிறது. பாட்டுக் கட்டியவர், வாத்தியார், ராஜபார்ட் போட்டவர், ஸ்திரீபார்ட் போட்டவர், சபா நடத்திக் கடன்பட்டவர் என்று எல்லோரையும் தேடிப் பிடித்துவிடலாம். ராஜபார்ட் தலையிலிருந்த கிரீடத்தைச் செய்தது யார் என்று கேட்டால் பதில் இல்லை. கிரீடமும் வாளும் செங்கோலும் சம்மனசின் இறக்கையும் தாமாகவே மேடைக்கு வந்து சேர்ந்ததுபோலத்தான் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது.

நான் வேம்பாரைச் சேர்ந்தவள். தூத்துக்குடி மாவட்டத்தின் வட ஓரத்தில், ராமநாதபுரம் எல்லையை ஒட்டிக் கடலோரத்தில் இருக்கும் ஊர். முத்துக்குளித்துறையின் பழைய ஏழு கடல்துறைகளில் ஒன்று. கடல் ஒரு பக்கம், பனங்காடு மறுபக்கம். வெளியூர்க்காரர்களுக்கு வேம்பார் என்றால் கருப்பட்டி. எங்களுக்குப் பரிசுத்த ஆவி கோவிலும் திருவிழாக்களும்.

இந்தக் கரையில் நாடகம் என்பது பொழுதுபோக்கு மட்டுமாக இருந்ததில்லை. பரதவர் 1530களில் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1586இலேயே என்றிக்கே என்றிக்கசின் 'அடியார் வரலாறு' தமிழில் அச்சாகிவிட்டது. புனிதர்களின் கதைகள் அச்சிலும் வாய்மொழியிலும் பரவி, பின்னாளில் வாசகப்பாவாகவும் கூத்தாகவும் மேடை ஏறின. செபஸ்தியார், எஸ்தாக்கியார், ஞானசவுந்தரி, மூன்று ராசாக்கள் என்று எல்லாமே கடற்கரை ஊர்களின் கதைகள். மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இதே மரபு வாசாப்பு என்ற பெயரில் வாழ்கிறது.

இந்த நாடகங்களைப் பற்றி எழுதியவர்கள் ராகங்களையும் ஏட்டுப் பிரதிகளையும் பேசியிருக்கிறார்கள். நான் பேச விரும்புவது நாடகச் சாமான்களைப் பற்றி. இன்று கிரீடத்தைக் கணினியில் வரைந்து எந்திரத்தில் அச்சிட முடிகிறது. இந்த மாற்றத்தைப் பார்த்து வியக்கும் முன், கிரீடம் இதற்கு முன் யார் கையில் இருந்தது என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் பழைய மறதி புதிய எந்திரத்துக்குள்ளும் குடியேறிவிடும்.

சேலை தந்தவள், மேடை ஏறாதவள்

பழைய கடற்கரை நாடகங்களில் பெண்கள் நடித்ததில்லை. ஞானசவுந்தரியாக நின்றது ஓர் ஆண். மாதாவாக நின்றதும் ஆண்தான். இது எங்கள் கரைக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கியபோது, பெண் வேடங்களைச் சிறுவர்களே போட்டார்கள். அங்கே வளர்ந்த டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்து 'அவ்வை' என்ற அடைமொழியையே பெற்றார். ஒரு கிழவியை நடித்துக் காட்டிய ஆணின் பெயர் சென்னையில் ஒரு சாலைக்கே சூட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கலையின் உயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேடத்துக்குள் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஓர் ஆண் பெண்ணாவதற்குச் சேலை வேண்டும். ரவிக்கை வேண்டும், சவுரி வேண்டும், வளையலும் கம்மலும் வேண்டும். சின்ன ஊர்களில் இவையெல்லாம் வீடுகளிலிருந்து இரவல் வந்தவை. நாடகத்துக்கு முந்தின நாள் யார் வீட்டில் பட்டுச்சேலை இருக்கிறது என்று தேடிப் போவார்கள். மேடையில் பெண்ணின் உடல் ஒரு நாடகச் சாமானாகத் துணியாலும் மயிராலும் கட்டி எழுப்பப்பட்டது. அதற்கான பொருளைத் தந்த பெண் கடற்கரை மணலில் பாய் விரித்து உட்கார்ந்து தன் சேலை அழுவதைப் பார்த்தாள்.

தடை எவ்வளவு ஆழமானது என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. இலங்கையின் மேற்குக் கரையில் போரலெஸ்ஸ என்ற ஊரில் 1923இல் லாரன்ஸ் பெரேரா என்பவர் உயிருள்ள நடிகர்களைக் கொண்டு பாஸ்கா நாடகம் நடத்தினார். ஜெர்மனியின் ஒபராமர்காவ் கிராமத்துப் பாஸ்காதான் அவருக்கு முன்மாதிரி. அதில் பெண்கள் நடிப்பதைக் கொழும்புப் பேராயர் 1939இல் தடை செய்தார். அந்த ஒபராமர்காவிலும் கதை வேறல்ல. 1634 முதல் நடந்துவரும் அந்த நாடகத்தில், மணமான பெண்ணும் 35 வயது கடந்த பெண்ணும் நடிக்கும் உரிமையைப் பெற 1990இல் நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

விலக்குகளும் உண்டு. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பெண்களைக் கொண்டு நாடகக் கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்கச் சிறப்பு ரயில் ஓடியது. ஆனால் கோவில் வளாகத்தின் நாடகம் அப்படித் திறந்துவிடவில்லை. அங்கே பெண்ணுக்குக் கிடைத்த இடம் மேடைக்குப் பின்னால், அதற்கும் பின்னால், அடுப்படியில்.

அடுப்படியின் அறிவு

என் பாட்டி நாடகத்துக்குச் சாமான் செய்தவர். தான் செய்வது ஒரு கலை என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. முறம் மெழுகுவதுபோல, பெட்டி முடைவதுபோல அதுவும் ஒரு வேலை.

உண்மையில் இரண்டும் ஒரே வேலைதான். தமிழ்நாட்டுப் பெண்கள் தலைமுறைகளாகப் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டி, அந்தக் கூழால் முறத்தின் இடுக்குகளை அடைத்திருக்கிறார்கள். அதே கூழைச் சட்டியின் வெளிப்புறத்தில் அப்பிக் காயவைத்துக் கூடை செய்திருக்கிறார்கள். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடிக்கும். கசப்பு பூச்சியை அண்டவிடாது. சட்டிக்குப் பதிலாகத் தலையளவு பானையைக் கவிழ்த்து அதன்மேல் அப்பினால் கூடை கிரீடமாகிறது. பாட்டியின் கணக்கு அவ்வளவுதான்.

ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்து மேல்தோலை நீக்கி, ஊறவைத்து, அம்மியில் மைய அரைத்து, தண்ணீர்விட்டுக் கிண்டிக் காய்ச்ச வேண்டும். கை ஓய்ந்தால் கட்டி தட்டும். நெடுநாள் இருக்க வேண்டிய சாமானுக்குப் பசையில் கொஞ்சம் துத்தம் கலப்பார்கள். புத்தகம் கட்டுபவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

எலும்புக்கூட்டுக்குப் பனை. ஈர்க்கு வளையும், மட்டை வளையாது, நார் கட்டும், குருத்தோலை விரியும். சம்மனசின் இறக்கைக்கு ஈர்க்கால் சட்டம் கட்டி, பழைய வேட்டித் துணியைப் பசையில் தோய்த்து இழுத்து ஒட்டுவார். காய்ந்தபின் ஓலைநறுக்கை இறகு இறகாக வரிசை பிடித்துத் தைப்பார். கீழிருந்து மேலாகத்தான் தைக்க வேண்டும். கூரை வேய்வதும் அப்படித்தான். ஓலைப்பெட்டி முடைந்த எந்தப் பெண்ணுக்கும் இந்த வரிசை விரலில் இருக்கும்.

செபஸ்தியார் நாடகத்தில் பெரிய சிக்கல் அம்பு. மரத்தில் கட்டப்பட்ட புனிதரின் உடலில் அம்புகள் பாய்ந்து நிற்க வேண்டும், நடிகனுக்கு வலிக்கவும் கூடாது. மிதவைக்கு வைத்திருக்கும் லேசான கட்டையைத் துண்டு நறுக்கி, உடல்நிறத் துணியில் வைத்துத் தைத்து, இடுப்பிலும் தோளிலும் கட்டிவிடுவார் பாட்டி. விளக்கு மங்கும் நொடியில் பின்னால் நிற்பவன் அம்பைக் கட்டையில் குத்திவிடுவான். கிரீடத்துக்கு முத்து வேண்டுமென்றால் ஜவ்வரிசி. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் நாடக ராசாக்கள் அணிந்தது ஜவ்வரிசி முத்துதான். மூழ்கி எடுத்தவன் வீட்டில் முத்து என்றைக்குத் தங்கியது?

வடதமிழ்நாட்டின் தெருக்கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்படுகின்றன. மேலே கண்ணாடித் துண்டும் காக்காப்பொன் தாளும் ஒட்டுவார்கள். அந்த வேலைக்குத் 'கட்டை' என்று பெயர் உண்டு, செய்பவருக்கு மரியாதையும் உண்டு. உளி பிடித்த கை கலைஞனின் கையாக எண்ணப்பட்டது. பசை கிண்டிய கை வீட்டு வேலை செய்யும் கையாகவே இருந்துவிட்டது. பொருளின் கடினத்தை வைத்துத் திறமையை அளக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. மரம், இரும்பு, கல் என்றால் தொழில். கூழ், ஓலை, துணி என்றால் பொழுதுபோக்கு.

முதல் எந்திரம் வந்தபோது

கையிலிருந்து எந்திரத்துக்கு வேலை மாறுவது எங்கள் கரைக்குப் புதிதில்லை. வலையில் அதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

பருத்தி நூலிலும் சணலிலும் வலை கட்டிய காலத்தில் நூல் நூற்பதும் வலை பின்னுவதும் தென்கேரளத்திலும் குமரிக் கரையிலும் பெரும்பாலும் பெண்களின் வேலை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செய்தது, கையில் காசு தந்தது. 1952இல் ஒப்பந்தமாகிக் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இறங்கிய இந்திய–நார்வேத் திட்டத்தோடு மீன்பிடியில் எந்திரங்களும் நைலானும் பரவின. எந்திரத்தில் பின்னிய நைலான் வலை அழுகவில்லை, லேசாக இருந்தது, அதிக மீன் பிடித்தது. நல்ல பொருள்தான். ஆனால் ஆயிரக்கணக்கான பெண்களின் வருமானம் போனது. கையில் வலை பின்னத் தெரிந்தவர்களிடம் எந்திரத்தின் பொறுப்பு வந்து சேரவில்லை. அந்த அறிவுக்கு ஈடாக எதுவும் தரப்படவுமில்லை. அவர்களில் பலர் தலைச்சுமையாக மீன் விற்கப் போனார்கள்.

நாடகச் சாமானிலும் அதன் சிறிய வடிவம் நடந்தது. ஊரில் வரைந்த திரைக்கும் வீட்டில் செய்த கிரீடத்துக்கும் பதிலாக, பெரிய ஊர்களின் வாடகைக் கடைகளிலிருந்து சீன் செட்டிங்கும் உடுப்புப் பெட்டியும் வந்தன. பிறகு தெர்மாகோல் வந்தது. வேலை எளிதானது, சாமான் பளபளத்தது. பசை காய்ச்சிய வீடுகளுக்கு இனி ஆள் அனுப்ப வேண்டியதில்லை என்றானது. யாரும் எதையும் தடை செய்யவில்லை. கேட்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

அச்சில் வார்த்த கிரீடம்

இப்போது மூன்றாவது மாற்றம். பழைய கிரீடத்தைச் சுற்றிவந்து கைப்பேசியில் நூறு படம் எடுத்தால், மென்பொருள் அவற்றைக் கோத்து முப்பரிமாண உருவம் தந்துவிடுகிறது. அதைத் திருத்தி, மெல்லிய படலங்களாக வெட்டி, முப்பரிமாண அச்சு எந்திரத்துக்கு அனுப்பினால், உருகிய பிளாஸ்டிக் இழை ஒரு படலத்தின்மேல் ஒரு படலமாகப் படிந்து கிரீடம் எழும்புகிறது. ஒரு படலத்தின் தடிமன் பொதுவாக 0.2 மில்லிமீட்டர். பத்து ராசா வேண்டுமென்றால் பத்துக் கிரீடமும் அச்சு அசலாக ஒன்றுபோல் வரும்.

பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பாஸ்கா நாடகத்துக்காக இளைஞர்கள் இப்படிக் கிரீடங்களும் உரோமைப் படைவீரரின் தலைக்கவசங்களும் செய்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். பயன்படுத்தியது பி.எல்.ஏ. என்ற இழை. சோள மாவுப்பொருள் போன்றவற்றிலிருந்து தயாராவது, விலை மலிவு, அச்சிட எளிது. ஆனால் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கிவிடும். பங்குனி வெயிலில் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் ஒரு பகல் கிடந்ததில் இரண்டு கிரீடங்கள் கோணிப்போயின. நாடகத்துக்கு ஒருநாள்தான் இருந்தது.

அந்த ஊரில் வாக்கப்பட்ட என் மாமி ஒருவர்தான் சரிசெய்தார். பிளாஸ்டிக்கின் வழுவழுப்பில் பசை நிற்காது என்பதை ஒருமுறை தடவிப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார். மெல்லிய பருத்தித் துணியை நாடாவாகக் கிழித்து, கோணலை இழுத்துப் பிடித்துச் சுற்றிக் கட்டினார். அதன்மேல் புளியங்கொட்டைப் பசை, அதன்மேல் வெந்தயக் கூழ் ஒரு பூச்சு. அடுத்த கிரீடங்களைப் பாதிக் கனத்தில் அச்சிட்டால் போதும், மிச்சத்தைக் கூழ் தாங்கிக்கொள்ளும் என்றும் சொன்னார். எந்திரம் கொடுத்த படலக் கோடுகளும் மறைந்தன. தங்கநிறம் பூசியபின் விளக்கொளியில் அது பிளாஸ்டிக்காகத் தெரியவில்லை, உலோகமாகத் தெரிந்தது.

மரபும் கணினியும் கலப்பது என்றால் இதுதான். எலும்பு எந்திரத்தினுடையது, தோல் கையினுடையது. எந்திரம் துல்லியத்தைத் தந்தது. எந்தப் பொருள் எதன்மேல் நிற்கும் என்ற அறிவை மாமி தந்தார். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அன்றைக்கு கிரீடம் இல்லை.

நாடகத்தின் நோட்டீசில் 'கிரீடம், கவச வடிவமைப்பு' என்று போட்டு இரண்டு இளைஞர்களின் பெயர் இருந்தது. மாமியிடம் கேட்டேன். "ஏளா, பசை காச்சுனதுக்கெல்லாமா பேரு போடுவாவ?" என்று சிரித்தார். அந்தப் பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் விடவில்லை. கணினியில் வரைவது வடிவமைப்பு, பசை காய்ச்சுவது உதவி என்று அவர்களுக்கும் சொல்லித் தரப்பட்டிருக்கிறது, மாமிக்கும் சொல்லித் தரப்பட்டிருக்கிறது.

கோப்பில் ஒரு கட்டம்

கோப்புகளின் கதையிலும் இது இருக்கிறது. முப்பரிமாண அச்சில் மிகப் பரவலான கோப்பு வடிவம் எஸ்.டி.எல். 1987இலிருந்து இருப்பது. அதில் உள்ளவை முக்கோணங்கள் மட்டும். பொருளின் மேற்பரப்பு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. நிறம் இல்லை, என்ன பொருளால் ஆனது என்பது இல்லை, செய்தவரின் பெயரை எழுதவென்று தனி இடமும் இல்லை. 2015இல் வந்த 3எம்.எஃப். என்ற புதிய வடிவத்தில் தலைப்பு, வடிவமைத்தவர், விளக்கம், காப்புரிமை, உரிம நிபந்தனை ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு.

ஆக, இன்றைக்குப் பெயர் எழுதக் கட்டம் இருக்கிறது. பாட்டியின் கிரீடத்தை யாரோ படமெடுத்துக் கோப்பாக்கினால் அந்த 'வடிவமைத்தவர்' கட்டத்தில் யார் பெயர் வரும்? எந்திரத்தைப் பொறுத்தவரை மென்பொருளைத் திறந்தவர் பெயர். கோப்பு ஊர் ஊராகப் போகும், ஆயிரம் தடவை அச்சாகும், பெயரும் கூடவே போகும். முன்பு பாட்டியின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. இனி அந்த இடத்தில் இன்னொருவர் பெயர் எழுதப்படும். மறக்கப்படுவதைவிட இது மோசம். மறந்ததைத் தேடி எடுக்கலாம், வேறொரு பெயர் ஒட்டியதைப் பிரித்தெடுப்பது கடினம்.

1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் கலைத்தன்மையுள்ள கைவினைப் படைப்பையும் கலைப்படைப்பாகவே கொள்கிறது. சட்டத்தில் இடம் இருந்தும் நோட்டீசில் இடம் இல்லாமல் போவது ஏன் என்பதுதான் நம் கேள்வி.

பாலக்காட்டிலிருந்து ஒரு பாடம்

எந்திரம் வந்தால் பெண் விலகித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. கேரளத்தின் தோல்பாவைக்கூத்து ஒரு எடுத்துக்காட்டு. பாலக்காட்டுப் பகதியின் பகவதி கோவில்களில், கம்பராமாயணப் பாடல்களைச் சொல்லி நடத்தப்படும் நிழற்கூத்து அது. பாவை செதுக்குவதிலும் வண்ணம் தீட்டுவதிலும் வீட்டுப் பெண்களின் கை இருந்தது. கோவிலின் கூத்துமாடத்தில் ஏறிப் பாவையை ஆட்டும் உரிமை அவர்களுக்கு இல்லை.

சொரனூருக்கு அருகே கூனத்தறையில் வாழும், 2021இல் பத்மஸ்ரீ பெற்ற ராமச்சந்திரப் புலவரின் குடும்பத்தில் அண்மை ஆண்டுகளில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. ஒன்று, தோல்பாவைகளை எந்திரக் கைகளால் இயக்கும் முயற்சி. பாலக்காட்டு அருங்காட்சியகத்துக்காக ஒரு ரோபோ நிறுவனத்தோடு சேர்ந்து செய்தார்கள். மற்றொன்று, அவருடைய மகள் ரஜிதா பெண்களை மட்டுமே கொண்ட ஒரு குழுவை 2021இல் அரங்கேற்றியது. பெண்களின் வாழ்க்கையையே அவர்கள் கதையாக எடுத்துக்கொண்டார்கள்.

செய்தித்தாள்களுக்கு முதல் மாற்றம் பெரிய அதிசயம். எனக்கு இரண்டாவதுதான் பெரிது. மறைந்திருந்து பாவையை இயக்கும் ஏற்பாடு நம் பக்கத்துக்குப் புதிதில்லை. மன்னாரின் பேசாலையில் 'உடக்குப் பாஸ்' என்று ஆளுயரச் சுரூபங்களைக் கீழிருந்து அசைத்துப் பாடுகளின் காட்சியை நடத்தும் மரபு இருக்கிறது. ரோபோ அந்த மறைந்த கையின் இடத்துக்கு வந்திருக்கிறது. ஆனால் தடுக்கப்பட்டவள் தான் செய்த பாவையைத் தானே எடுத்து ஆட்டுவது வேறு வகையான மாற்றம். மோட்டார் வாங்கினால் அது தானாக வந்துவிடாது. ஒரு பெண் கேட்க வேண்டும், மற்றவர்கள் வழிவிட வேண்டும்.

செய்யக் கூடியவை

வாசிக்கும் மாணவிகளுக்குச் சில சொல்வேன். உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் முப்பரிமாண அச்சு எந்திரம் இருந்தால் அதை இயக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வலை எந்திரத்தைப் போல இதுவும் அந்நியமாகிப் போக விடாதீர்கள். உங்கள் ஊர் நாடகத்தின் பழைய சாமான்கள் பரணில் கிடந்தால் படமெடுத்துக் கோப்பாக்குங்கள். உருவத்தோடு செய்முறையையும் எழுதுங்கள்: புளியங்கொட்டை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எத்தனை நாள் காய்ச்சல், எந்தத் திசையில் ஓலை. முக்கோணங்களில் இவை ஏறாது, விளக்கக் கட்டத்தில் ஏறும்.

நாடகம் போடும் தோழிகளுக்கும் ஒன்று. நோட்டீசில் 'உதவி' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கூழ் ஆட்டியவர், பசை காய்ச்சியவர், இறக்கை தைத்தவர் என்று செய்த வேலையைச் சொல்லியே பெயர் போடுங்கள். வேலையின் பெயர் தெரிந்தால்தான் அதற்கொரு கூலியும் கேட்க முடியும்.

மாமி சரிசெய்த கிரீடங்களை நான் படமெடுத்துக் கோப்பாக்கி வைத்திருக்கிறேன். 'வடிவமைத்தவர்' கட்டத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. மாமியின் பெயர் முதலில்.